நிமிர்ந்து பாடிய பாட்டு

அக்கா,

இன்று காலை ஏரிக்குக் கீழே நாற்று பறித்தார்கள். வேரோடு வந்த சேற்று வாசனை நம் தெருவரை வீசியது. நீ போய் இன்னும் ஒரு நடவுகூட ஆகவில்லை. அதற்குள் அந்த வாசனை உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்திவிட்டது. நாளை திருப்புலிவனத்தில் நடவு. பாட்டெடுக்க வேண்டியவள் இனி நான்தான்.

இரண்டாவது பிள்ளை பெற்ற கையோடு நான் சேற்றில் இறங்கியது உனக்கு நினைவிருக்கும். உச்சிப்பொழுதுக்குள் இடுப்பு கழன்றுவிடும் போலாகும். கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், வரப்பில் குடை பிடித்து நிற்கும் மேஸ்திரி, முடியாதவள் கரையேறலாம் என்பார். கரையேறினவளை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். என் கூலி இல்லையென்றால் வீட்டில் உலை ஏறாது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே கிடந்தேன். நம் தெருவில் கோணிப்போன இடுப்போடு நடக்கிற பெண்களைப் பார்த்து, எனக்கும் அதுதான் விதி என்று முடிவே கட்டிவிட்டேன்.

உனக்குத்தான் கோபம் வந்தது. "வலி வந்தப்புறம் நிமிந்து இன்னாடி பிரயோஜனம்? வர்றதுக்கு முந்தியே நிமிரணும்" என்றாய்.

மறுநாள் வழக்கம்போலப் பாட்டெடுத்தாய். நீ ஓரடி பாட, நாங்கள் பதிலடி பாட வேண்டும். பதில் வந்ததும் நீயே முதலில் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் கொடுத்துப் பின்னால் வளைந்து நின்றாய். நாங்களும் அப்படியே நின்று பாடினோம். மேஸ்திரி கத்தினார். குனிந்துகொண்டு பாடினால் மூச்சு வரவில்லை என்று ஒன்றும் அறியாதவள் போலச் சொன்னாய். அப்படியானால் பாட்டே வேண்டாம் என்றுவிட்டார்.

சரியென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். கழனியில் தண்ணீர் சத்தம் மட்டும்தான். பொழுது சாய நிலத்துக்காரர் வந்தார். பாட்டில்லாமல் நட்ட கழனி விளங்காது என்று நம்புகிறவர் அவர். எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறதே என்று மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். அப்போது நீ வாய் திறந்தாய்.

"பாடறோம் நைனா. ஆனா பதிலுக்குப் பதில் நிமிந்துதான் பாடுவோம்."

அவர் தலையாட்டினார். மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போனார். அன்றிலிருந்து சேர்ந்து நடவுக்குப் போகும் நம் செட்டுக்கு அதுவே சட்டமானது. என் இடுப்பு இன்றைக்கும் நேராக இருக்கிறது என்றால், அது நீ போட்ட பிச்சை அக்கா.

உன்னைப் பந்தலில் கிடத்தியிருந்தபோது தோளைக் கட்டிக்கொண்டு குனிந்து ஒப்பாரி வைத்தோம். நடுவில் ஒருத்தி, ஒப்பாரியை விட்டு உன் நடவுப் பாட்டின் முதலடியை எடுத்துவிட்டாள். பதில் வந்தது. நான் எழுந்துவிட்டேன். நம் செட்டு முழுக்க எழுந்து, இடுப்பில் கைகொடுத்து நிமிர்ந்து நின்று பாடியது. வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த உன் சம்பந்திகள் எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது.

இப்போது மேஸ்திரி புதுசு. வேலை சீக்கிரம் முடிய வேண்டும், பாட்டு கீட்டெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். செட்டில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. இன்று நாற்றுப் பறிப்பு முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினாள். நாளை அவளை என் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன். பாட்டை நான் எடுப்பேன். அவள் முழுசாக நிமிர்கிறவரை பதிலை முடிக்க விடமாட்டேன்.