ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விட்ட எண்ணெய்

இதனால் தாராவி தொடங்கி செம்பூர் வரையுள்ள சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் கிளப்பின் நான்கு ஏர் பிஸ்டல்களையும் சுத்தம் செய்யும் பொறுப்பு நேற்று முதல் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மாலை, மேளம் எதுவும் கிடையாது. கோச் சார் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "தொலைச்சுடாதே" என்றார். அவ்வளவுதான்.

திறந்தேன். உள்ளே வெள்ளைக் கம்பளிக் குண்டுகள், பிஸ்டல் குழலின் அழுக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போகிறவை. முதல் தடவை பார்த்தபோது நீ உள்ளங்கையில் கொட்டி, "முயல் புழுக்கைய வெள்ளாவி வச்சாப்ல இருக்குலே" என்றாய். அன்று சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நேற்று மூடியைச் சாத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே பிஸ்டல். "தோசை சுடத் தெரியாத பய, பிஸ்டல் சுடப் போறானாம்" என்று அம்மா சொன்னது எனக்குத்தான் பொருந்தும். நீ சுடுவாய், நான் பேசுவேன். கிளப்புக்குச் செம்பூர் போகும் பஸ்ஸில் கதை விடுகிற வேலையும் என்னுடையது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை சுத்தம் செய்வது என்பதில் மட்டும் நமக்குள் ஓயாத சண்டை. "தினம் பல்லு தேய்க்கோம்லா, அதே மாதிரி இதையும் தேய்ப்போம்" என்பேன். "பல்லு தேஞ்சா கட்டிக்கிடலாம், குழல் தேஞ்சா என்ன செய்ய? ஒரு டப்பா ஈயக் குண்டு தீந்தா ரெண்டு கம்பளி. அதுக்கு மேல கைய வைக்காத" என்பாய். ஈயம் குழலுக்குள் மெல்லிசாகப் படிந்திருக்க வேண்டுமாம். அதை வழித்துவிட்டால் அடுத்த இருபது குண்டு தன் இஷ்டத்துக்குப் போகுமாம். அதனால் போட்டி வாரத்தில் தொடவே கூடாது. எண்ணெய் எந்த வாரத்திலும் கூடாது, காற்றைப் பிடித்து வைக்கிற ரப்பர் வளையம் உப்பிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலைதான் ஆடியது, காது சும்மா இருந்தது.

எங்கள் அப்பாவின் தையல் பட்டறை உனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அத்தனை மெஷினுக்கும் சொட்டச் சொட்ட எண்ணெய் விட்டுத் துடைத்துச் சந்தனம் வைப்போம். எண்ணெய்க் குப்பி சின்ன வயதிலிருந்தே என் வேலை. அந்த வருஷம் கிளப்பிலும் பூஜை. சார் சொன்னபடி நீ உலர்ந்த துணியால் வெளியே துடைத்தாய், சுத்தம் செய்தவர் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாய், செண்டு பூ வாங்கப் போனாய். நான் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தேன், குப்பி பையிலேயே இருந்தது. எண்ணெய் காணாத மெஷினுக்கு என்ன பூஜை என்று தோன்றியது. நம் பிஸ்டலில் குண்டு வைக்கிற இடத்தில் நாலு சொட்டு, குழலில் ரெண்டு சொட்டு. நான் செய்த சேட்டைகளில் இதைச் சேர்க்காதே. சாமி கும்பிட்டுக்கொண்டுதான் விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து உன்னுடைய ஸ்டேட் செலெக்ஷன். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு "டப்" என்று வரவேண்டிய சத்தம் சைக்கிள் ட்யூப் மாதிரி "புஸ்" என்று வந்தது. குண்டுகள் கீழே கீழே இறங்கின. நீ பிஸ்டலைப் பார்க்கவில்லை, உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சார் அதைத் திறந்து முகர்ந்தார். "மெஷின் எண்ணெய்டா இது. யார் விட்டது?"

சாருடைய போட்டோவை டார்கெட் அட்டையில் ஒட்டியதற்காக எனக்கு அதற்கு முந்தின மாதம்தான் கடைசி எச்சரிக்கை கிடைத்திருந்தது. நீ ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"நான்தான் சார்" என்றாய்.

பஸ் சயான் வந்தது. இறங்கும்போது, "ஒஞ்சட்டை பூரா அந்த வாசந்தான் வருது, போய்க் குளி" என்றாய்.

"ஏம்லே அப்படிச் சொன்ன?"

"ஒன்னைய வெளிய அனுப்பிருவாரு. என்னைய அனுப்ப மாட்டாரு. நாந்தான் நல்லா சுடுதேன்லா. விடுலே, டென்ஷன் நஹி."

அனுப்பவில்லைதான். ஆனால் அந்த சீசன் முழுக்க உன் கையில் பிஸ்டல் தரவில்லை. நீ பெஞ்சில் உட்கார்ந்து என் ஸ்கோரை எழுதினாய். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அடுத்த சீசனுக்கு முன்னால் மழை வந்தது, மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள். அந்த எட்டு நாளும் உனக்கு ஜோக் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் கேட்க நீ இல்லை.

இன்று புதுப் பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பு எடுத்தேன். ஒரு டப்பாவுக்கு ரெண்டு கம்பளி, போட்டி வாரத்தில் தொடாதே என்று உன் வார்த்தைகளை என் வார்த்தைகளாக விளாசினேன். ஒரு பெண் கேட்டாள், "எண்ணெய் விட்டா என்ன அண்ணா ஆகும்?" பின்னாலிருந்து சார் பதில் சொன்னார். "ஒருத்தன் விட்டான். நன்னா சுடறவன். செலெக்ஷனே போயிடுத்து." உன் பெயரையும் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். சார் என்னைப் பார்த்து, "இல்லையா?" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

எல்லோரும் போன பிறகு பழைய ரிஜிஸ்டரை எடுத்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். உன் கையெழுத்தை அடிக்க மனசு வரவில்லை. அதன் கீழே, எண்ணெய் விட்டது நான் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டேன். எவ்வளவு தைரியம் பார் எனக்கு.

பென்சிலால்தான் எழுதினேன். ரப்பரும் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது.