இருபத்து நான்கு நாளாக வீட்டில் இருக்கும் என் கணவரை அடக்கம் செய்யத் துணை வேண்டி

அனுப்புநர்
நொர்மித்தா பலதாஸ்,
(காலஞ்சென்ற அப்போலோனியோ பலதாஸின் மனைவி),
மூன்றாம் வீடு, வலைக்காரர் சந்து,
சான் தெல்மோ பரங்காய்,
மீன்துறைப் பகுதி, மணிலா.

பெறுநர்
பரங்காய்த் தலைவர் அவர்கள்,
சான் தெல்மோ பரங்காய் அலுவலகம்,
மீன்துறைப் பகுதி, மணிலா.

பொருள்: இறந்து இருபத்து நான்கு நாளாகியும் வீட்டிலேயே வைக்கப்பட்டுள்ள என் கணவரை நாளை சனிக்கிழமை அடக்கம் செய்யவும், துக்கத்தின் பேரில் நடக்கும் சீட்டாட்டத்தை நிறுத்தவும் உதவி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

1. நான் தாங்கள் தலைமை தாங்கும் இந்தப் பரங்காய் வட்டாரத்தில், மேற்கண்ட முகவரியில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். கருவாட்டுக் களத்தில் கூலி வேலை செய்கிறேன். என் கணவர் அப்போலோனியோவைத் தங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தாங்கள் சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. தங்கள் தாயார் காலமானபோது ஐந்து நாள் அவர் தங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் இம்மாதம் 4ஆம் தேதி தமது நாற்பத்தாறாவது வயதில் இறந்தார். சவப்பெட்டி இன்றுவரை என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. பெட்டியைச் சுற்றி நான்கு மேசைகள், மேசைக்கு மூன்று பேர். இரவு பகல் இல்லாமல் சீட்டு நடக்கிறது. இந்த மனுவை அடுப்படியில் நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

2. துக்க வீட்டில் சீட்டாடுவது நம் வழக்கம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இறந்தவரைத் தனியே விடக்கூடாது, விழித்திருக்க ஆள் வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஆட்டத்தில் எடுக்கும் பங்கு அடக்கச் செலவுக்கு உதவுகிறது. அதனால்தான் போலீஸ்காரரும் பார்த்தும் பாராதது போலப் போகிறார். எல்லாம் சரி. ஆனால் இருபத்து நான்கு நாள் என்பது எந்த ஊர் வழக்கம் ஐயா?

3. என் கணவரின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் இந்தப் புகார் விளங்காது. தோங்கிட்ஸ் ஆட்டத்தில் ஆளுக்குப் பன்னிரண்டு சீட்டு. அவர் ஒரே ஒருமுறை விரித்துப் பார்ப்பார், கவிழ்த்து வைப்பார், மறுபடி பார்க்க மாட்டார். எதிராளிகள் நான்கு சீட்டு கழிப்பதற்குள் அவர்கள் கையில் மீதி என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இந்தத் திறமை முதலில் எங்களுக்கு நேர்மையாகவே சோறு போட்டது. நம் மீன்துறை ஏலத்தில் விலையை வாய்விட்டுச் சொல்லாமல் ஏலக்காரர் காதில் முணுமுணுக்கிறோம் அல்லவா? எதிர் வியாபாரி குனிகிற விதத்தைப் பார்த்தே அவன் என்ன விலை சொன்னான் என்று இவர் கண்டுபிடித்து, அதற்கு மேல் ஒரு பேசோ மட்டும் வைத்து மீனை எடுத்துவிடுவார். அவருடைய முதலாளி பதினொரு வருடம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

4. அவரைக் கெடுத்தது தோல்வி இல்லை, ஜெயம்தான். துக்க வீடுகளில் ஜெயித்துக்கொண்டிருந்தவரை நகரத்து ஓட்டல் சூதாட்டக் கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே சீட்டில் வந்ததை எல்லாம் சுழலும் சக்கரத்திலும் எந்திரத்திலும் விட்டார். சீட்டில் அவரை வெல்ல ஆள் இல்லை. சீட்டு அல்லாத எதிலும் அவரைப் போல முட்டாள் இல்லை. மூன்று நாள் தூங்காமல் ஆடுவதற்கு ஷாபு என்கிற போதைத்தூளைப் பழகினார். பிறகு அதற்காகவே ஆட வேண்டியதாயிற்று. வேலை போயிற்று. படகின் எஞ்சின் போயிற்று. முன்பற்கள் விழுந்தன. எங்கள் ஒரே மகள் ஜெனலின் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளை வழியனுப்ப அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை. அன்று யாரோ ஒருவர் இறந்திருந்தார்.

5. அவர் முயற்சியே செய்யாத மனிதர் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. 2012ஆம் வருடம் தாமாகவே கேட்டு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து ஒன்பது மாதம் இருந்தார். திரும்பி வந்த பிறகு பதினான்கு மாதம் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை. நாள்காட்டித் தாளைக் கிழிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். தாளைத் தொட்டால் விரல் வேறு எதையோ தேடுகிறது என்பார். நகரத்து ஓட்டலுக்குப் போகாமல் ஒரு மனிதன் இருந்துவிடலாம். ஷாபு விற்கிறவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருந்துவிடலாம். அண்டை அயலில் ஒருவர் இறந்தால் போகாமல் நம் ஊரில் யார் இருக்க முடியும்? போனால் அங்கே பெட்டி, பெட்டிக்கு முன்னால் மேசை, மேசையில் மூன்றாவது நாற்காலி காலி. ஆறு துக்கங்களை நின்றபடியே முடித்துக்கொண்டு வீடு திரும்பினார். ஏழாவதாக அவருடைய பழைய ஏல முதலாளியே இறந்தார். "சும்மா தலையக் காட்டிட்டு வந்துடறேன் நொர்மி. பெட்டிகிட்ட நின்னு ஒரு செபம், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். நான்தான் போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தார், சட்டை இல்லாமல்.

6. அவர் இறந்ததும் ஒரு துக்க வீட்டில்தான், நண்பகலில். சீட்டைக் கவிழ்த்து வைத்தவர் தலையையும் அதன்மேல் கவிழ்த்துக்கொண்டார். யோசிக்கிறார் என்று நினைத்து மற்ற இருவரும் பேசாமல் காத்திருந்தார்களாம். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடியிலிருந்த சீட்டைத் திருப்பி, அவர்தான் ஜெயித்திருக்கிறார் என்று தீர்ப்பும் சொன்னார்களாம். இதை வீடு தேடி வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பணத்தையும் நீட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

7. இப்போது புகாருக்கு வருகிறேன். கிரிசாந்தோ என்பவர் என் மகளின் ஞானத்தகப்பன். நம் பகுதியில் துக்க வீடுகளுக்குப் பந்தல், மேசை, நாற்காலி கொண்டுவந்து ஆட்டம் நடத்துகிறவர். பெட்டிக்கும் உடலைப் பதப்படுத்துவதற்கும் தாமே பொறுப்பு என்றும், ஜெனலின் குவைத்திலிருந்து வந்து முகம் பார்க்கும்வரை ஆட்டம் நடக்கட்டும் என்றும் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்காத வீடு நம்மிடம் ஏது? நானும் தலையாட்டினேன். தாங்களும் தெருவில் பந்தலுக்கு அனுமதி தந்தீர்கள்.

பெட்டி உள்ளே இருக்கும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியும். இருபத்து நான்கு நாளாக நான் துடைப்பத்தைத் தொடவில்லை. கடலைத் தோலும் சிகரெட்டுத் துண்டும் மழைச் சேறும் சேர்ந்து நடந்தால் காலடியில் நொறுங்குகிறது. வீட்டில் குளிக்கக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கிறேன், அவர்களும் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விருந்தாளியை வழியனுப்பக் கூடாது என்பதால் யார் போனார், யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை. என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை ஐயா. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

8. ஆட வருகிறவர்கள் உட்காரும் முன் பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து எடுக்கிறார்கள். அவருடைய கைராசி ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. தூரத்து ஊர்களிலிருந்தும் ஜீப்பில் வந்து இறங்குகிறார்கள். கைத்தடம் படிந்து படிந்து அவர் முகமே தெரிவதில்லை. நான் துடைக்கத் துடைக்க அடுத்த கை வந்துவிடுகிறது. தோல் கறுத்துப் போனதால் பதப்படுத்துகிறவர் இரண்டாம் முறை வந்து முகத்தில் பூசிவிட்டுப் போனார். உயிரோடு இருந்தபோதும் அவரைத் தூங்க விடவில்லை, இப்போதும் விடவில்லை.

சென்ற திங்கட்கிழமை, போதும், அடக்கம் செய்துவிடலாம் என்று கிரிசாந்தோவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என்னண்ணி இப்ப அவசரம்? அண்ணனுக்குப் புடிச்ச இடத்துலதான இருக்காரு. மண்ணுக்குள்ள போயி யாரோட ஆடப் போறாரு?" என்றார். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்கு வந்து, எதற்குச் சிரித்தேன் என்று தெரியாமல் நின்றேன். பெட்டிக்கான செலவு இன்னும் தீரவில்லை, தீராமல் பெட்டி நகராது என்றும் அவர் பிறகு சொல்லி அனுப்பினார்.

9. இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல புகார் மனுவாக இருந்திருக்கும். ஆனால் தங்களிடம் மறைத்தால் தாங்கள் தவறான நடவடிக்கை எடுப்பீர்கள். ஆகவே கீழ்க்கண்டதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

ஜூன் 10ஆம் தேதி மதியம் முதல் மேசையில் ஓர் ஆள் சாப்பிட எழுந்து போனார். மூன்று பேர் இல்லாமல் தோங்கிட்ஸ் இல்லை. "சும்மா கையில புடிச்சிருங்கண்ணி, அந்தாளு வர்ற வரைக்கும்" என்றார் கிரிசாந்தோ. பிடித்தேன். அதற்கு முன் நான் வாழ்நாளில் சீட்டைத் தொட்டதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம், வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அப்படி மணிக்கணக்கில் நிற்கிறவளின் கண் வேறெங்கே போகும்? நான் எல்லாவற்றையும் கற்றிருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. சாப்பிடப் போன ஆள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஜெனலின் தொலைபேசியில் பேசினாள். அவளுடைய எஜமானி விடுப்புத் தரவில்லை. "எனக்காக அப்பாவ வெச்சிருக்காதீங்கம்மா. அடக்கம் பண்ணிடுங்க. நான் வர்றப்போ கல்லறைக்குப் போயி அழுதுக்கறேன்" என்றாள். சரி என்று சொன்னேன். அதற்கடுத்த நாள், அலுவலகம் விடுமுறை என்பதால் தங்கள் வீட்டுக்கே வந்து, மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்துப் பந்தல் அனுமதியை நீட்டித்து வாங்கினேன். 20ஆம் தேதி இரண்டாம் முறையும் அதே பொய்யை எழுதினேன். கிரிசாந்தோ என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

நான் ஜெயிக்கிறேன் ஐயா. ஒருமுறை பார்த்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்து வைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் இல்லை, கால்வலி இல்லை, குவைத்தில் மகள் இல்லை, பக்கத்தில் பெட்டிகூட இல்லை. எழுந்து வரத்தானே சொல்கிறேன், அதுகூட முடியாதா என்று அவரை நான் எத்தனையோ வருடம் திட்டினேன். ஊர் கேட்கத் திட்டினேன். முடியாது என்று இப்போது தெரிகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது, ஆனால் பெட்டியருகே போனால் மேசையும் அருகில்தான் இருக்கிறது.

இன்று காலை கிரிசாந்தோ அடுப்படிக்கு வந்தார். "கண்ணு செவந்து கெடக்குதே அண்ணி" என்று பரிவாகத்தான் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. எடுத்துப் போங்கள் என்றும் சொல்லவில்லை. இந்த வரியை எழுதும்போதும் அது என் முன்னால் இருக்கிறது.

10. ஆகவே தாங்கள் இரக்கம் காட்டிக் கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன். பந்தலுக்கான அனுமதி நாளை 28ஆம் தேதியுடன் முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டாம். பாதிரியாரிடம் பேசிவிட்டேன், காலை எட்டு மணிக்குத் திருப்பலி. கல்லறையில் இடமும் கிடைத்துவிட்டது. ஏழு மணிக்குப் பரங்காய்க் காவலர்கள் ஆறு பேரை அனுப்பினால் பெட்டியைத் தூக்கிவிடலாம். கிரிசாந்தோவுக்குச் சேர வேண்டியது ஏதாவது இருந்தால் தங்கள் அலுவலகத்திலேயே வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்கிறேன், என் வீட்டில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இதை நான் தெளிவோடு இருக்கும்போது எழுதுகிறேன். இதற்குப் பிறகு, இன்று மாலையோ நாளைக் காலையோ, அடக்கத்தைத் தள்ளிவைக்கக் கோரி என் கையொப்பத்துடன் வேறு கடிதம் வந்தாலும், நானே நேரில் வந்து தங்கள் வாசலில் அழுதாலும், தயவுசெய்து இசைய வேண்டாம். காவலர்கள் வரும்போது நான் மேசையில் உட்கார்ந்திருந்தால், என்னைக் கேட்காமல், எனக்காக நிற்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு போகும்படி அவர்களுக்கு உத்தரவிட வேண்டும். பெட்டி தெரு முனை திரும்புவதற்குள் சீட்டை வைத்துவிட்டு எழுந்து பின்னால் வந்துவிடுவேன் என்று நம்புகிறேன்.

இடம்: வலைக்காரர் சந்து, சான் தெல்மோ
நாள்: 27 ஜூன் 2014, வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி நிற்கும்,

(ஒப்பம்)
நொர்மித்தா பலதாஸ்