துக்க வீட்டில் எரியும் நட்சத்திரம்

என் பாட்டுக்கார அம்மாவுக்கு,

இன்று டிசம்பர் இருபத்துமூன்று, மாலை ஏழு பத்து. நம் தேயிலை எஸ்டேட் லயத்தில் வரிசையாகப் பத்து வீடு. பத்திலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிகிறது. நம் வீட்டிலும்தான். ஊர் வழக்கப்படி இது தப்பு.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டக்கூடாது. கரோல் பாட வருகிறவர்களும் அந்த வாசலைச் சத்தமில்லாமல் கடந்துவிட வேண்டும். உனக்குத் தெரியாததா? ஜூன் மழையில் நீ போனாய். கொச்சியில் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேற்றுதான் ஏலப்பாறை வந்து சேர்ந்தேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் கோயில் படி ஏறவில்லை. அவருக்கும் கர்த்தருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சோறும் பாதி வயிற்றுக்குத்தான். இப்படியே இவரும் போய்விடுவாரோ என்று பயந்தேன். என்னோடு கொச்சிக்கு வாங்க என்றால், எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

எஸ்டேட் பூட்டிக் கிடந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? வெறும் கப்பக்கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு நீ கரோல்காரர்களோடு சேர்ந்து பாடினாய். எனக்கு எரிச்சல். “சம்பளந்தானல நின்னுச்சு, பாட்டுமா நிக்கணும்?” என்றாய். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

இன்று இருட்டுகிற நேரத்தில் கரோல் வந்தது. நம் வாசல் நெருங்கியதும் சைமன் மாமா முரசின் மேல் துண்டைச் சுற்றினார். பிள்ளைகள் நுனிக்காலில் நடந்தார்கள். அப்பா கதவைத் திறந்தார்.

“ஏ சைமா, என்னடே களவாணி மாதிரி பதுங்கிப் போற?”

“துக்க வீடுல்லா, அண்ணே.”

“துக்கம் எங்களுக்குடே. மாட்டுத் தொழுவத்துல பொறந்த பிள்ளைக்கு என்ன துக்கம்? அவ இருந்தா உங்கள இப்படிப் போக விட்டிருப்பாளா? துண்ட அவுத்துட்டு அடி.”

அப்பாவே பாட்டைத் தொடங்கினார். ராகம் மோசம். இரண்டாவது அடியில் அழுதுவிட்டார், ஆனால் நிறுத்தவில்லை. சைமன் மாமா துண்டை உருவிக் கண்ணைத் துடைத்துவிட்டு அடித்தார் பாரு! பாட்டு முடிந்ததும் அப்பா என் பக்கம் திரும்பி, “என்னல பாத்துட்டு நிக்க? நட்சத்திரத்த எடு” என்றார். பரணில் இருந்தது. வயரை எலி கடித்திருந்தது. ஒட்டுப் போட்டு ஏற்றினேன்.

நான் விசுவாசியாகிவிட்டேன் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். அழுகையும் சந்தோஷமும் ஒரே லைனில் வந்தால் ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன்? சம்பளம் நின்றாலும் பாட்டு நிற்காது என்று நீ சொன்னதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை, அம்மா. அப்பா இப்போது இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிடுகிறார். சாப்பிடும் முன் ஜெபித்தார். நானும் கண்ணை மூடினேன்.

இனிச் செய்யப்போவது:

1. நாளைக்கு நட்சத்திரத்துக்குப் புது வயர். ஒட்டு தாங்காது.

2. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அப்பாவைக் கூட்டிப் போவது. வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

3. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவேன். இத்தனை வருஷம் போல வெறுமனே உதட்டை அசைக்காமல், சத்தமாக. சுருதி சேராது. பொறுத்துக்கொள்.

உன் மூத்த மகன்,
ஜேம்ஸ்