அப்பாவாக நடித்தவளுக்கு

இன்று காலை ஸ்கூடாய் பேருந்து நிறுத்தத்தில், பக்கத்தில் நின்ற பெண் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனையில் நம் விடுதி அறையே வந்துவிட்டது. பரீட்சை வந்தால் நெற்றி, கழுத்து, ஒரு தடவை கைதவறிக் கண்ணிலும் தைலம் பூசிக்கொண்டவள் நீ.

மூன்றாம் ஆண்டில்தான் எனக்குப் பொறியியல் வேண்டாம் என்று பட்டது. சிறப்புக் கல்வி ஆசிரியை ஆக வேண்டும். முடிவெடுத்தேனே தவிர, காஹாங் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டும் அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதம் மென்று விழுங்கினேன். கடைசியில் நீதான் பொறுமை இழந்தாய்.

"அலமாக், இப்படியே இருந்தா கெழவி ஆயிடுவே லா. நான்தான் உங்கப்பா. சொல்லு பாப்போம்."

சொன்னேன். நீ முகத்தை இறுக்கிக்கொண்டு, "உன்னை நம்பித்தானே நாங்க இருக்கோம்? ஆசைப்பட்டதெல்லாம் படிச்சா அடுப்பெரியுமா?" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கப்பா இப்படிப் பேச மாட்டாருடி."

"எல்லா அப்பாவும் இப்படித்தான். மறுபடி சொல்லு."

நாலு நாள் இந்தக் கூத்து. ஐந்தாம் நாள் குரல் நடுங்காமல் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் லாரியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "உனக்குப் பிடிச்சிருக்கா? அப்ப சரிம்மா. சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். நான் குதித்தேன். நீ சிரித்துக்கொண்டே, "கொடுத்து வச்சவ" என்றாய். கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன்.

நீ அதே பொறியியலை முடித்து, பத்து பாகாட் நகரில் தொழிற்சாலை வேலைக்குப் போனாய். நோய் வந்தது. போயும் விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் உன் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காலேஜுக்கு முந்தி, படம் வரையப் படிக்கணும்னு கேட்டாம்மா. நான்தான், உன்னை நம்பித்தானே நாங்க இருக்கோம், ஆசைப்பட்டதெல்லாம் படிச்சா அடுப்பெரியுமான்னு சொல்லிட்டேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல."

ஒரு சொல் மாறவில்லை.

இப்போது என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். வேலை பிடித்திருக்கிறது, கஷ்டமும் இருக்கிறது. உன்மேல் கோபமும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்மேல் அதைவிட அதிகம். ராத்திரி பகல் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்திருக்கிறோம். என் ஆசையை உன்னிடம் எத்தனை தடவை ஒப்பித்திருப்பேன். "உனக்கு என்னடி ஆசை?" என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.