வரைந்த கீறல்

என் அறிவழகா,

நீ இருக்கிற இடத்துக்குக் கடைக்காரர்கள் வர முடியாது என்று நம்புகிறேன். அந்த ஒரு நிம்மதியாவது உனக்குக் கிடைக்கட்டும். இந்தக் கடிதத்தை நம்மூர்ப் பத்திரிகையில் போடுகிறார்களாம். போடட்டும், பாண்டிச்சேரிக்காரரும் படிக்கட்டும்.

சினிமாவில் வரும் சாமான்களின் நகல்களைச் சேகரிப்பவர்களுக்கு விற்கிற அந்தப் பாண்டிச்சேரிக் கடைக்காரர், நாம் வேலை பார்த்த பீங்கான் கம்பெனிக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நீ மோல்டு செய்பவன், நான் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவள். வெளிநாட்டு விண்வெளிப் படமொன்றில் காவலாளி போட்டிருக்கும் பச்சை ஹெல்மெட் அவருக்கு வேண்டும், அதுவும் பீங்கானில். "கனமா இருந்தாதான் ஜனங்க மதிப்பாங்க" என்றார். எதைத் தொட்டாலும் எடை பார்க்கிற புத்தி.

நீ சி.டி. வாங்கி வந்து வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாய். "ஏக்கா, அவன் தலையத் திருப்புறதப் பாரு. கழுத்துல பாரமே இல்ல. இது இரும்பும் இல்ல, பீங்கானும் இல்ல, லேசான சாமான்" என்றாய். அதன் இடது கன்னம் வலதைவிடக் கொஞ்சம் உப்பியிருந்ததையும் நீதான் கண்டுபிடித்தாய். பச்சை உரிந்த இடங்களில் அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது. முதலில் வெள்ளி அடித்து, மேலே பச்சை அடித்து, நிஜமாகவே சுரண்ட வேண்டும் என்றாய்.

அவரிடம் சொன்னபோது சிரித்தார். "கோணலா இருக்குதேப்பா, நேராக்கு. கீறல மேலால பிரஷ்ல போட்டா போதும்."

"சூளையில வெந்தா சுருங்கிடுங்க. அப்புறம் தலை கொள்ளாது" என்றாய்.

"மாட்டிக்கிட்டு யாரு சண்டைக்குப் போறாங்க?"

முதலாளி அவர் பக்கம் நின்றார். நீ அவர் கேட்டபடியே செய்து கொடுத்தாய். இரண்டு கன்னமும் ஒரே மாதிரி, தூக்கினால் ஆட்டுக்கல். அதில் கீறல் வரைந்தவள் நான். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். "யாருடா பாக்கப் போறா?" என்றேன். அவரைக் காறித் துப்புகிறேனே, அன்றைக்கு நான் மட்டும் என்ன ஒழுங்கு?

உனக்காக ஒன்றை, தனியாக மோல்டு எடுத்து, ஃபைபரில் வீட்டிலேயே செய்து பீரோ மேல் வைத்தாய். அதற்குப் பிறகு பத்து நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

உன் கருமாதி முடிந்த வாரம் கடைக்காரர் வந்தார், சென்னைச் சேகரிப்பாளர் ஒருவரின் காரில். வாங்கி வந்த மாலையை உன் படத்துக்குப் போடக்கூட இல்லை. என் கையில் திணித்துவிட்டு, "மோல்டெல்லாம் எங்கம்மா வச்சிருக்கான்?" என்றார். அவர் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றியிருக்கவில்லை.

சென்னைக்காரர் வேறு மாதிரி. படத்தின் புகைப்படங்களை ஓர் ஆல்பமாகவே கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் விற்ற ஹெல்மெட்டை மடியில் வைத்து, கீறலை நகத்தால் தடவி, "இது வரைஞ்சதுங்களா?" என்றார்.

"நான்தாங்க வரைஞ்சேன்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. பிறகு பீரோ மேலிருந்ததை எடுத்து வந்தேன்.

கனமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்கியவர், அது சட்டென்று மேலே வந்ததும் திகைத்துவிட்டார். புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த இடது கன்னத்த யாருமே செய்யறதில்லங்க. எப்படிப் புடிச்சாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டிச்சேரிக்காரர் முந்திக்கொண்டார். "நான்தான் சார், பக்கத்துல நின்னு சொல்லிச் சொல்லிச் செய்ய வச்சேன்."

"நீங்க சொன்னது நேராக்குன்னுதான?" என்றேன்.

"தம்பிய எழவு குடுத்த துக்கத்துல பேசுறாங்க சார்."

"துக்கம் எங்க வூட்டுது. பொய்யி உங்களுது."

அறிவு, அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெயிலில் காயவைத்த அரிசிமாவு மாதிரி வெளிறிப் போனது. சென்னைக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கப் போவதாகச் சொன்னதும், கடைக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார். மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினேன், அந்த மரியாதைக்கு அவர் லாயக்கில்லை.

நீ செய்ததை நான் கொடுக்கவில்லை. உன் மோல்டிலேயே ஒன்று செய்து தருவதாகச் சொன்னேன். முதலாவதில் தாடையெல்லாம் காற்றுக்குமிழி. இரண்டாவதில் ரெசின் பசை பட்டு இரண்டு கையும் அரித்தது. கையுறையில்லாமல் எப்படியடா வேலை செய்தாய்? மூன்றாவதுதான் சென்னைக்குப் போனது. கீறலையெல்லாம் சுரண்டித்தான் போட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, செய்தவர் பெயரையும் எழுதியிருக்கிறாராம். போனில் படித்துக் காட்டினார். 'அறிவழகு' என்று எழுதி வைத்திருக்கிறார்! கன்னத்தின் உப்பலைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதருக்கு அறிவழகன் என்ற பெயரை ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. ஒரு பாட்டம் திட்டினேன். பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

சொன்னால் போதுமா? அடுத்த மாதம் ரயிலேறிப் போகிறேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று உன் பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பேன். ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் என் கையால் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மலர்க்கொடி அக்கா