கேப்டனோடு கிழக்கே

மார்ச் 3, செவ்வாய்

கடையில் திரைச்சீலைத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்து நின்றாள். வேலை நேரத்தில் வருகிறவள் இல்லை அவள். கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை கிளம்புறேன். நீயும் வர்ற."

எங்கே என்று நான் கேட்கவே இல்லை. பள்ளி வாலிபால் அணிக்கு அவள் தலைவி. நான் மாற்று ஆட்டக்காரி, பந்தைத் தொடாமலே பெஞ்சைத் தேய்த்தவள். நாற்பத்தெட்டு வயதாகியும் அவள் குரல் கேட்டால் எழுந்து நிற்கும் பழக்கம் போகவில்லை.

பிறகுதான் விஷயம் வந்தது. அவள் மகள் தீயணைப்புப் படைப் பயிற்சியை முடிக்கிறாளாம். பதினான்காம் தேதி அணிவகுப்பு. நாட்டின் அந்தக் கோடியில். சொன்னது மகள் அல்ல, மகளுடைய அப்பாவின் இரண்டாவது மனைவி. போனில் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது என்றாளாம். வாருங்கள் என்று சொல்லவில்லை.

கேப்டன் மகளைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது.

மார்ச் 5, வியாழன்

வீட்டில் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, விமானம் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களே, உங்கள் கேப்டனுக்குத் தெரியாதா என்றார். பக்கத்து ஊருக்குப் போனாலே வாந்தி எடுப்பாயே அம்மா என்று பையன் சிரிக்கிறான். இரண்டு பேரும் என்னவோ நான் நிலாவுக்குப் போகிற மாதிரி பேசுகிறார்கள். ஏன் போகக் கூடாது நான்?

வக்கீலும் வருகிறாள். நாளைக்கு மருமகள் யாராவது இதை எடுத்துப் படித்தால் குழம்பக் கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்: எங்கள் பழைய தோழி அவள், வக்கீல் இல்லை. வங்கி கவுன்ட்டரில் உட்காருகிறவள். வானம் நீலம் என்றால்கூட எதிர்வாதம் வைப்பாள். அதில் வந்த பெயர்.

மார்ச் 8, ஞாயிறு

கிளம்பிவிட்டோம். கேப்டனின் பழைய வெள்ளைக் கார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வக்கீல் மூன்று விஷயங்களுக்குச் சண்டை போட்டுவிட்டாள்: ஜன்னல், பாட்டு, எந்த நெடுஞ்சாலை. மூன்றிலும் தோற்றாள். எனக்கு வாந்தி வரவில்லை.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் வக்கீல் கேட்டே விட்டாள், ஏன் விமானத்தில் போகவில்லை என்று. கேப்டன் டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"ஃப்ளைட்ல ஏறிட்டா முடிஞ்சுது. பயம் வர்றதுக்குள்ள கொண்டுபோய் எறக்கி விட்டுடுவான். கார்ல போனா எல்லா ஊர்லயும் திரும்பலாம். திரும்பாம போறேனான்னு எனக்குத் தெரியணும்."

வக்கீல் எதிர்வாதம் வைக்காமல் மூன்று டீக்கும் காசு கொடுத்தாள். அதிசயம், குறித்து வைக்கிறேன்.

நானாக இருந்தால் விமானம் ஏறியிருப்பேன். அதுவும் யாராவது டிக்கெட் எடுத்து, கையைப் பிடித்து ஏற்றியிருந்தால்.

மார்ச் 9, திங்கள்

காலையில் கேப்டனின் ஆஸ்பத்திரியிலிருந்து போன். டயாலிசிஸ் பிரிவில் அவள்தான் மூத்த டெக்னீஷியன். புதிதாகச் சேர்ந்த பெண் அழுகிற குரலில் பேசினாள். ஒரு பெரியவர் ஊசி குத்த விடமாட்டேன், அந்த அம்மா வந்தால்தான் என்று அடம் பிடிக்கிறாராம். கேப்டன் சாலையோரம் காரை நிறுத்தி, போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள். திட்டவில்லை, கெஞ்சவில்லை. அவருடைய நாய்க்குக் கால் சரியாகிவிட்டதா என்று விசாரித்தாள். நாய்க்கு என்ன மருந்து, யார் போடுகிறார்கள், ராத்திரி குரைக்கிறதா? அவர் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க, அந்தப் பக்கம் ஊசி ஏறிவிட்டது. "வச்சிடவா மாமா?" என்று காரை எடுத்தாள்.

இந்த வேலையைத்தானே விவாகரத்தின்போது கோர்ட்டில் குற்றமாகச் சொன்னார்கள்! தாய் ராத்திரியில் வீட்டில் இருப்பதில்லை. எங்க போனா அவ? ஊர் சுத்தவா போனா? அடுத்தவங்க உசுரு ஓடுற மெஷினுக்குப் பக்கத்துல கண்ணு முழிச்சு உக்காந்திருந்தா. அதை ஒருத்தர் சொல்லலையே அங்க.

ஏழு வயதுக் குழந்தையிடம் யாரோடு இருக்கிறாய் என்று கேட்டார்கள். அப்பாவோடு, அங்கே ராத்திரி ஆள் இருப்பார்கள் என்றது குழந்தை. மேல்முறையீடு செய்யலாம் என்று எல்லோரும் சொன்னோம். கேப்டன் வேண்டாம் என்றுவிட்டாள். "அவ சொன்னது உண்மைதானே. உண்மையச் சொன்ன பிள்ளைகிட்ட கேஸ் நடத்தவா?"

முதலில் விடுமுறைக்கெல்லாம் வந்துகொண்டிருந்தாள் மகள். அப்பாவுக்கு அந்தக் கோடிக்கு மாற்றலான பிறகு வருவது குறைந்து, பதிமூன்று வயதில் நின்றது. என்ன கோபம் என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று மத்தியானம் ஒரு ரவுண்டானா. இடது பக்கம் போனால் கிழக்கே. முழுக்கச் சுற்றி வந்தால் வந்த வழி.

கேப்டன் ஒரு சுற்று சுற்றினாள். பலகையைக் கவனிக்கவில்லை போல என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றும் வந்தது. நடுவில் செம்மஞ்சள் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது சுற்றில் எங்களுக்குப் புரிந்துவிட்டது. நான் அவளைப் பாராமலிருக்க என் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றுகிறவர் கை காட்டினார், அந்தப் பக்கம் போங்கள் என்கிற மாதிரி. பாவம், வழி தெரியாதவர்கள் என்று நினைத்திருப்பார்.

இடது பக்கம் திரும்பினாள்.

கொஞ்ச தூரம் போனதும் வக்கீல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாகக் கேப்டன் வாயில் ஊட்டினாள். எனக்கு இந்த இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மார்ச் 11, புதன்

மலையைக் குடைந்த சுரங்கப் பாதை. முடிவே இல்லாத மாதிரி நீளம். வெளியே வந்ததும் கீழே ஒரு ஏரி. மூன்று பேரும் கார் கதவைச் சாத்தாமலே இறங்கி நின்றோம்.

மார்ச் 12, வியாழன்

நாள் முழுக்கச் சமவெளி. காற்றாலைகள் ஒன்று மாற்றி ஒன்று. வீட்டில் அவருக்குத் தொண்டைக் கட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க எவ்வளவு உப்பு என்று கேட்டார். மனுஷன் ஐம்பது வயது தாண்டியவர். முதல் முறையாக எனக்குக் கவலை வராமல் சிரிப்பு வந்தது.

இன்றுதான் கேப்டன் மகளுக்குச் செய்தி அனுப்பினாள். எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் போனது இவ்வளவுதான்: "உன் அணிவகுப்பைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறேன். உனக்குச் சங்கடம் என்றால் சொல்."

பதில் இல்லை. இரண்டு நீலக் குறி மட்டும்.

மார்ச் 13, வெள்ளி

வந்து சேர்ந்துவிட்டோம். விடுதி அறை மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு எதிரே டயர்க் கடை. திரைச்சீலை தலைகீழாகத் தைத்தது; என்னால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாயந்திரம் பதில் வந்தது. கேப்டன் படித்துவிட்டு எங்களிடம் நீட்டினாள். "ஒருவருக்கு இரண்டு பாஸ்தான். அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். நீங்கள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும்."

அம்மா. அந்த ஒரு சொல் போதாதா? நானாக இருந்தால் அங்கேயே சுருண்டு படுத்திருப்பேன். வக்கீலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெத்தவளை வேலிக்கு வெளியே நிறுத்துவதா, இது என்ன நியாயம், இப்போதே கிளம்பலாம் என்றாள்.

கேப்டன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போடுகிற நீலச் சட்டை. "ஜுரம் வந்தப்ப பக்கத்துல படுத்தவ அவ. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி விட்டவ அவ. அம்மான்னு கூப்பிடாம வேற என்னன்னு கூப்பிடுவா?" காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "நிக்க வேண்டியிருக்கும்னுதான் சொல்லியிருக்கா. நிக்காதேன்னு சொல்லலையே."

வக்கீல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வரவில்லை.

இப்படி ஒருத்தியின் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்பதே எனக்குப் போதும் என்று தோன்றுகிறது.

மார்ச் 14, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

பயிற்சி மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. எங்களைப் போல இன்னும் கொஞ்சம் பேர் வெளியே நின்றார்கள். ஒருவர் ஏணியே கொண்டுவந்திருந்தார். உள்ளே பந்தல், நாற்காலிகள், பேண்டு. பயிற்சி முடித்தவர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே ஹெல்மெட், முகமே தெரியவில்லை. நான் கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருக்கும்போதே கேப்டன், "ரெண்டாவது வரிசை, கடைசி," என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கப்பா நடை," என்றாள். அவர் செத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அந்தப் பெண் அவரைப் பார்த்ததே இல்லை. இங்கே, ஏதோ ஒரு ஊரின் மைதானத்தில், அவர் நடந்துகொண்டிருந்தார்.

அப்புறம் செயல்விளக்கம். நாலு மாடி உயரக் கான்கிரீட் கட்டடம், ஜன்னலில் புகை. மகள் ஏணியில் ஏறினாள். உள்ளே போனாள். வரவில்லை. வரவில்லை. கேப்டன் மூச்சு விடுகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு புகைக்குள்ளிருந்து ஒரு பூட்ஸ் கால், ஏணியைத் தடவித் தேடியது. தோளில் ஆள் எடை பொம்மை. ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் இறங்கினாள். தரையில் பொம்மையைக் கிடத்தும்போது அதன் தலைக்குக் கீழே கை கொடுத்துக் கிடத்தினாள். பொம்மைதான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மற்றவர்கள் தொப்பென்று போட்டார்கள்.

கேப்டன் கை தட்டவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்திருந்த விரல்களை வக்கீல்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

முடிந்ததும் ஒரு குட்டையான பெண் வாசலைத் தாண்டி எங்களை நோக்கி வேகமாக வந்தாள். போனில் கூப்பிட்ட அந்த இரண்டாவது மனைவி அவள்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளும் கேப்டனும் எதிரெதிரே நின்றார்கள். கேப்டன்தான் முதலில் பேசினாள்.

"நல்லா வளர்த்திருக்கீங்க."

அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி ஆனது. "பிடிவாதம் மட்டும் என்னுது இல்ல," என்றாள். பிறகு இருவருமே சிரித்தார்கள்.

மகள் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் கரி. கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. ரோடு எப்படி இருந்தது என்று கேட்டாள், அவ்வளவுதான். கேப்டன் பதில் சொல்லத் தொடங்கினாள். எந்த இடத்தில் சாலை பழுது, சுரங்கம் எவ்வளவு நீளம், ஏரி என்ன நிறம், எந்தக் கடையில் டீ வாயில் வைக்க விளங்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு ரோட்டைப் பற்றியே சொன்னாள். மகள் நகரவில்லை. வெயிலில், அந்தக் கனமான கோட்டோடு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அவளுக்கு வேலை போட்டிருக்கிற ஊர் எங்கள் வழியில்தான் இருக்கிறதாம். திங்களன்று சேர வேண்டுமாம். பஸ்ஸில் போகிறாள், உங்களோடு வந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி என்றாள் அந்தப் பெண், மகளைப் பார்க்காமல். மகள் தோளைக் குலுக்கினாள். சரி என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பெரும்பாலும் காதில் இயர்போன், கண் வெளியே. கேப்டனை 'நீங்க' என்றுதான் பேசினாள். கேப்டன் எதையும் துருவவில்லை.

பெட்ரோல் போட நிறுத்தியபோது, வண்டியில் தீயணைப்பான் எங்கே என்று மகள் கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் முழித்தோம். இவ்வளவு தூரம் இல்லாமலா வந்தீர்கள் என்று பிடித்தாளே ஒரு பிடி! பெரியவர்கள் மாதிரியா நடந்துகொள்கிறீர்கள், எஞ்சினில் தீப்பிடித்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்றாள். வக்கீல் எதிர்வாதமாக ஏதோ ஆரம்பித்தாள். மகள் ஒரே பார்வையில் அடக்கிவிட்டாள். பள்ளி மைதானத்தில் நான் பார்த்த அதே பார்வை. கேப்டன் கடைக்குள் ஓடிப்போய் ஒன்று வாங்கிவந்து, அதை எங்கே மாட்டுவது என்று மகளிடம் நல்ல பிள்ளையாகக் கேட்டாள்.

தீயணைப்பு நிலைய வாசலில் இறங்கிய மகள் பையை எடுத்துக்கொண்டு நாலு அடி போனாள். திரும்பி வந்து கேப்டன் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள்.

"வீட்டுல புகை அலாரம் இருக்கா?"

இல்லை என்றாள் கேப்டன்.

"மாட்டுங்க," என்றுவிட்டுப் போனாள்.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம் கேப்டன் வீட்டில். அவள் நாற்காலிமேல், நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. போன வாரம் அடுப்பங்கரை வாசலில் அலாரம் மாட்டிப் படம் அனுப்பியிருக்கிறாள். ரொட்டி கருகினால்கூடக் கத்தும், கூடத்துக்கு மாற்றுங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. ஆகவே கழற்றி, கூடத்துச் சுவரில் மறுபடி துளை போட்டு, மறுபடி படம். உடனே மகள் போனிலேயே வந்துவிட்டாள். பட்டனை அழுத்தச் சொன்னாள். அழுத்தினால் காது கிழிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ம், நல்லா கேக்குது," என்றாள் மகள். "வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாத்தணும். நீங்க ஏறாதீங்க. வரும்போது நான் மாத்திக்கிறேன்."

போனை வைத்த பிறகும் கேப்டன் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கை வலித்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன்.