கைதட்டல் முடியும்வரை நில்

என் அருமை டிரம்ஸ்காரிக்கு,

நானும் நம் வாண்டும் இங்கே சுகம். நீயும் உன் கும்பலும் ஊர் ஊராகப் போய் ஜனங்களின் காதைக் கிழித்துக்கொண்டு சுகமாகவே இருப்பீர்கள். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். பேசுவது நீயும் உன் மகளும்தான். எனக்குக் கடைசியில் கிடைப்பது, "சரி, கதவைப் பூட்டிட்டுப் படுங்க" என்ற ஒரு வரி. அதனால்தான் நீ கேட்ட குச்சிகளோடு இதையும் பார்சலில் வைக்கிறேன். இதை வாண்டு என் கையிலிருந்து பிடுங்க முடியாது.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததே, அதை நானே கழற்றிச் சரிசெய்தேன். இப்போது சொட்டுவதில்லை, கொட்டுகிறது. நீ டிரம்ஸ் பழகும்போதெல்லாம் சண்டைக்கு வரும் கீழ்வீட்டு அக்கா, வீடு வெறிச்சென்று இருக்கிறது, அவள் எப்போது வருவாள் என்று என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்கிறார். நம் பல் பட்டறையில் தலைக்கு மேல் வேலை. போன மாதம் பல் செட் வாங்கிப்போன பெரியவர் மறுபடி வந்திருக்கிறார். நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். நாய்க்கு அளவு சரியாக இருந்ததா என்று கேட்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊர் ஊராகக் கச்சேரி மேடையிலேயே பதிவு செய்கிற உங்கள் லைவ் ஆல்பத்தில் நீ மெட்டுப் போட்டது ஒரே ஒரு பாட்டு. நம் சாப்பாட்டு மேஜையில் தட்டித் தட்டி நீ உண்டாக்கியது. அதையே கச்சேரியின் கடைசிப் பாட்டாக வைத்தார்கள் என்றதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அதுதான் எந்த ஊரிலும் சரியாகப் பதிவாகவில்லை. பாதிக்கு மேல் வேகம் பிய்த்துக்கொண்டு போகிறது, பாடகி வார்த்தைகளை மென்று விழுங்குகிறாள். மிச்சமிருக்கும் ஒரு ஊரிலும் இப்படியென்றால் பாட்டை எடுத்துவிடுவது தவிர வழியில்லை என்று ஒலிப்பதிவு அண்ணன் சொல்லிவிட்டார். "எடுத்தா எடுக்கட்டும், விடுங்க" என்று நீ போனில் சொன்னாய். பிடித்த சட்டை சாயம் போனபோதும் இதே குரலில்தான் சொன்னாய். பிறகு குளியலறையில் அழுதாய்.

எங்கே தப்பு என்று கேட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவுகளை அனுப்பினாய் அல்லவா? பட்டறையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மற்றப் பாட்டுகளில் நீ சுவர்க் கடிகாரம் மாதிரி அசையவே இல்லை. இது ஒன்றில்தான் கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் ஆகிவிடுகிறாய். தாளம் உன் கையில் இருக்கிறது, மற்றவர்கள் பாவம், உன் பின்னால் ஓடாமல் என்ன செய்வார்கள்? எவ்வளவு கேட்டும் எனக்குக் காரணம் புரியவில்லை.

ஒருநாள் அப்படிக் கேட்கும்போது கையெல்லாம் பிளாஸ்டர் மாவு. பாட்டு முடிந்ததும் நிறுத்த முடியவில்லை, பதிவு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கைதட்டல், விசில். அதற்கு நடுவே மைக்குக்குப் பக்கத்தில் குச்சிகள் விழும் சத்தம், ஸ்டூல் சாயும் சத்தம், மேடைப் பலகை மேல் யாரோ ஓடும் சத்தம். பிறகு பாடகி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறாள். டிரம்ஸ் என்று வந்ததும் திரும்பிப் பார்த்திருப்பாள் போல. "அய்யோ, இன்னைக்கும் ஓடிட்டாளா?" என்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. மற்ற ஊர்களையும் போட்டுப் பார்த்தேன். எல்லா ஊரிலும் அதே ஓட்டம்.

அடுப்பில் பால் பொங்கும்போது நீ ஓடும் ஓட்டம் அது. எனக்குத் தெரியாதா? அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் இங்கே போன் அடிக்கிறது. எடுத்ததும் மூச்சிரைக்க நீ கேட்கும் முதல் கேள்வி, "தூங்கிட்டாளா?" டிரம்ஸ் அடித்த களைப்பில் மூச்சிரைக்கிறது என்று இத்தனை நாள் நினைத்த மடையன் நான். பாட்டின் பாதியிலேயே உன் மனசு போனுக்குக் கிளம்பிவிடுகிறது, கை அதன் பின்னாலேயே போகிறது. உனக்கே இது தெரிந்திருக்காது. உன் கும்பலோ உனக்கு வயிறு சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டது. அண்ணன் எதற்கென்றே சொல்லாமல் மாத்திரை கொடுத்தார் என்றாயே, அது இதற்குத்தான். தயவுசெய்து சாப்பிட்டு வைக்காதே.

இங்கே நடப்பதையும் கேள். நீ கூப்பிடும்வரை வாண்டு தூங்கிவிடக் கூடாதே என்று நான் படாத பாடு படுகிறேன். பல் செட்டைக் கையில் பிடித்து அதைக் கதை சொல்ல வைக்கிறேன், பாட வைக்கிறேன், கொட்டாவி விட வைத்து, அவளுக்கும் கொட்டாவி வந்ததும் என்னையே திட்டிக்கொள்கிறேன். அவள் வகுப்பில் மேஜை மேல் தலைவைத்துத் தூங்குகிறாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ராத்திரியெல்லாம் உங்கள் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். அங்கே நீ பாட்டைச் சுருக்குகிறாய், இங்கே நான் ராத்திரியை இழுக்கிறேன். நல்ல ஜோடிப் பொருத்தம் போ.

எல்லாவற்றையும் வாண்டிடம் எடுத்துச் சொன்னேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். "அம்மா மெதுவாவே அடிக்கட்டும். நான் காலையில பேசிக்கிறேன். ஆனா அம்மா தூங்கிட்டிருந்தாலும் போனை எடுக்கணும்" என்று தீர்ப்பு சொன்னாள். இவ்வளவு சுலபமாக விடுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் அழுகைகூட வந்தது. பார்சலில் ஒரு ஜோடிக் குச்சியில் அவள் கடித்த பல் தடம் இருக்கும், திட்டாதே. உன் பாட்டுக்கு அதைத்தான் எடுக்க வேண்டுமாம். தடத்தைப் பார்த்தேன், வரிசை அருமை. அவள் வாயால் நம் தொழிலுக்குப் பைசா வரும்படி இல்லை.

அதனால் கடைசி ஊரில் உன் பாட்டை அவசரமில்லாமல் வாசி. முடிந்ததும் ஓடாதே. பாடகி உன் பெயரைச் சொல்லும்போது நீ அங்கே இரு. ஒரு கைதட்டலைக்கூட நீ முழுசாக நின்று வாங்கியதில்லை, இதையாவது கடைசிவரை வாங்கிக்கொள். அது ஆல்பத்தில் இருக்கட்டும், வாண்டு பெரியவளானதும் கேட்கட்டும். உன் கை நோகாமல், தாளம் தப்பாமல், எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

பிறகு நிதானமாக நடந்து வந்து கூப்பிடு. அவள் தூங்கியிருப்பாள். போனை நான் எடுப்பேன். கதவை முன்னாடியே பூட்டி வைத்திருப்பேன், அதைப் பற்றி நீ சொல்ல வேண்டியதில்லை. வேறு ஏதாவது பேசு.

இப்படிக்கு,
உன் பல்லுக்காரன்